குளிர்காலத்தில் படகிலேயே குடியிருக்க: முதலில் ஈரம், பிறகு சூடு

குளிர்காலத்தைப் படகில் கழிக்க முடிவு செய்தவர்கள் எடுத்தவுடன் தேடுவது ஹீட்டரை. எத்தனை கிலோவாட், டீசலா விறகா என்பதிலேயே யோசனை சுற்றுகிறது. இரண்டு மாதம் போனபின் அவர்களைக் கரைக்கு விரட்டுவதோ நனைந்த மெத்தையும், பூஞ்சணம் பிடித்த துணியும், கூரையிலிருந்து முகத்தில் சொட்டும் நீரும்தான். ஈரமான கேபினில் 20 டிகிரியிலும் நடுக்கம் இருக்கும். உலர்ந்த கேபினில் 16 டிகிரியே போதுமானதாகத் தோன்றும். அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: ஈரத்தை வெளியேற்றுவது, குளிர் நுழையும் பரப்புகளை மூடுவது, அதன் பிறகு ஹீட்டர். இந்தக் கட்டுரையில் வரும் டிகிரியெல்லாம் செல்சியஸ்.

சுவர் ஏன் வியர்க்கிறது

20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீரை விட்டுவிடும். வெளியே தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால், அதில் மூழ்கியிருக்கும் படகின் உடலும் கிட்டத்தட்ட அதே குளிரில் இருக்கும். வெப்பக்காப்பு இல்லாத சுவர், ஜன்னலின் அலுமினியச் சட்டம், ஹேட்ச் (கூரையில் திறக்கும் கதவு), கூரையில் துருத்தி நிற்கும் போல்ட் தலை என ஒவ்வொன்றும் வியர்க்கும். மேலிருந்து சொட்டும் நீரை டெக் (மேல்தளம்) ஒழுகல் என்று நினைத்து சீலன்ட் பூசிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. மழை இல்லாத இரவிலும் சொட்டினால் அது ஒழுகல் இல்லை, வியர்வை.

இந்த நீரில் பெரும்பகுதி நாமே உண்டாக்குவது. தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை வெளியேற்றுகிறார். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் சேரும். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர், மண்ணெண்ணெய் ஹீட்டர், ஸ்பிரிட் ஹீட்டர் எதுவானாலும் அறையைச் சூடாக்கிக்கொண்டே நனைக்கவும் செய்யும். உயிருக்கே ஆபத்தான காரணம் வேறொன்றும் உண்டு. அது கீழே வருகிறது. படகில் குடியிருப்பவர்கள் இத்தகைய ஹீட்டரைத் தவிர்ப்பதே சரி.

குளிர் வந்ததும் காற்றுத் துளைகளில் துணியை அடைத்துவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. கணக்கைப் பாருங்கள். வெளியே 0 டிகிரியில் மூடுபனி கவிந்திருந்தாலும், அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் 5 கிராமுக்கும் குறைவான நீரே இருக்கும். உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். உள்ளே இருக்கும் காற்றிலோ கன மீட்டருக்கு 10 கிராம் நீர் இருக்கிறது. 40 கன மீட்டர் கேபினின் காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறினால் மணிக்கு 200 கிராமுக்கு மேல் நீர் வெளியேறும். புதிதாக வரும் குளிர்காற்றைச் சூடாக்க ஆகும் செலவு சுமார் 270 வாட். வேறெந்தக் கருவியும் இவ்வளவு மலிவாகப் படகை உலர்த்தாது.

துளைகள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று தாழ்வாகவும், மற்றொன்று உயரமாக எதிர்முனையிலும் இருந்தால் காற்று கேபின் முழுக்க நடந்து வெளியேறும். முன்ஹேட்சை முதல் கொக்கியில் நிறுத்தி ஒரு சென்டிமீட்டர் இடுக்கு விட்டுத் தூங்குவது நல்ல பழக்கம். சமைக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள ஹேட்சைத் திறந்து, பாத்திரத்தை மூடியே வையுங்கள். பிரஷர் குக்கர் இன்னும் மேல். நனைந்த கோட்டையும் பூட்சையும் கேபினுக்குள் கொண்டுவராமல், காக்பிட்டின் (படகை ஓட்டுபவர் உட்காரும் திறந்த பகுதி) கூடாரத்தில் தொங்கவிட வேண்டும். குளியலைக் கரையில் முடிக்க வசதி இருந்தால் அதுவே மேல்.

கரை மின்சாரம் இருந்தால் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி) பெரிய துணை. அதில் இரண்டு வகை உண்டு, வித்தியாசம் தெரிந்து வாங்க வேண்டும். கம்ப்ரசர் வகை 150 முதல் 250 வாட் வரை எடுக்கும். அறை 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுருளில் உறைபனி படிந்து வேலை மிகவும் குறைந்துவிடும். ஈரம் உறிஞ்சும் பொருளைக் கொண்டு வேலை செய்யும் டெசிகன்ட் வகை 300 முதல் 700 வாட் வரை எடுத்தாலும் உறைநிலையை ஒட்டியும் வேலை செய்யும், எடுத்த மின்சாரத்தை வெப்பமாகத் திருப்பியும் தரும். குளிரான படகுக்கு டெசிகன்ட்தான் பொருத்தம். வெளிக்குழாயை சிங்க்குக்குள் விட்டுவிட்டால் தொட்டி நிரம்பி நின்றுபோகாது. அது ஓடும்போது மட்டும் துளைகளைக் குறைக்கலாம், எரியும் அடுப்பு எதுவும் இல்லையென்றால். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் மூடிய அலமாரிக்குள் கொஞ்சம் உதவும்; ஆள் வாழும் கேபினுக்குப் போதாது. கவிழ்ந்தால் அதில் சேர்ந்த நீர் உலோகத்தை அரிக்கும், மரத்தில் காயவும் காயாது.

ஓர் ஈரப்பதமானி வாங்கிப் படுக்கைத் தலைமாட்டில் வையுங்கள். 50 முதல் 60 சதவீதம் நல்லது. 70-ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் நிச்சயம்.

மெத்தைக்குத் தனிக் கவனம் தேவை. உடலிலிருந்து இறங்கும் நீராவி மெத்தையைக் கடந்து அடிப்பலகையின் குளிரில் நீராகிறது. மேலே தொட்டால் உலர்ந்தே இருக்கும்; தூக்கிப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே 15 முதல் 20 மில்லிமீட்டர் காற்று இடைவெளி வேண்டும். மரச் சட்டங்கள், பிளாஸ்டிக் ஸ்பிரிங் தட்டுகள், முப்பரிமாண வலைப்பாய் ஆகிய எதுவும் ஆகும். முழுப் பலகையாக இருந்தால் 30 மில்லிமீட்டர் துளைகளை நெருக்கமாகப் போடுங்கள். சுவரை ஒட்டிய பக்கத்திலும் மெத்தை படகின் உடலைத் தொடாதபடி இரண்டு விரல் இடம் விடுங்கள். காலையில் மெத்தையின் ஒரு விளிம்பைத் தூக்கி நிறுத்தி ஒரு மணி நேரம் காற்றாட விட வேண்டும். துணி அலமாரிக்கும் இதே விதி: கதவின் மேலும் கீழும் துளை, சுவர்ப் பக்கம் மரச் சட்டம், திணித்து அடுக்காத துணி.

குளிர் நுழையும் இடங்கள்

8 மில்லிமீட்டர் கண்ணாடியிழைச் சுவர் 10 சதுர மீட்டர் இருந்து, உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் அதன் வழியே மட்டும் ஏறக்குறைய 1,000 வாட் வெளியேறும். அதே சுவரில் 25 மில்லிமீட்டர் மூடிய அறை நுரையை (குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருப்பது) ஒட்டினால் இழப்பு 230 வாட்டுக்கு வந்துவிடும். ஒரு சிறு ஹீட்டரின் பாதிச் சக்தியை ஒருமுறை செய்யும் வேலையில் மிச்சப்படுத்திவிடலாம்.

நுரை மூடிய அறை வகையாக இருப்பது முக்கியம்: நைட்ரைல் ரப்பர் நுரை, எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன், தெளிக்கும் பாலியூரித்தேன். கண்ணாடிக் கம்பளியும் திறந்த அறை ஸ்பாஞ்சும் நீரைக் குடித்துக் கனத்துவிடும், மறைவில் அழுகலையும் வளர்க்கும். ஒட்டும் முன் பரப்பைச் சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும். நுரைக்குப் பின்னால் காற்றுப்பை இருக்கக்கூடாது; துண்டுகள் சேரும் இடங்களை நீராவி புகாத டேப்பால் மூடுங்கள். நுரைக்குப் பின்னால் நீராவி போக வழி இருந்தால் அங்கேயும் வியர்க்கும், அது கண்ணுக்கும் தெரியாது. எஃகுப் படகில் சட்டங்களையும் சேர்த்து மூடாவிட்டால் ஒவ்வொரு சட்டமும் குளிரை உள்ளே கடத்தும் ஒரு பாலம். நுரைகள் தீப்பிடிக்கக்கூடியவை என்பதால் அடுப்புக்கும் புகைக்குழாய்க்கும் அருகே அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். சீகாக் (படகின் உடலைத் துளைத்துச் செல்லும் குழாயின் வால்வு), வயர் இணைப்பு, போல்ட் இவற்றின் மேல் வரும் துண்டைக் கழற்றக்கூடியபடி விடுங்கள்.

படகின் உடல் முழுக்க நுரை ஒட்ட இந்தக் குளிர்காலத்தில் நேரம் இல்லையா? அப்படியானால் ஹேட்ச்களிலும் ஜன்னல்களிலும் தொடங்குங்கள். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டைச் சட்டத்தைவிட 20 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி, சுற்றிலும் காந்தப் பட்டையோ நுரைப்பட்டையோ வைத்து உள்பக்கம் பொருத்தினால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும், கண்ணாடி வியர்ப்பதும் பெரும்பாலும் நின்றுவிடும். பொருத்தும்போது உள்ளே உலர்ந்த காற்று இருக்க வேண்டும். காலை வெயிலில் செய்வது நல்லது. வெளிச்சம் தேவையில்லாத ஹேட்சுக்கு 50 மில்லிமீட்டர் நுரையை அளவெடுத்து வெட்டி அழுத்திச் செருகலாம். அவசரத்தில் வெளியேற வேண்டிய ஹேட்சில் ஒரே இழுப்பில் வந்துவிடும்படி நாடா தைத்து வையுங்கள்.

அடுத்தது தரை. பில்ஜுக்கு (படகின் அடியில் நீர் தேங்கும் பள்ளம்) மேல் உள்ள பலகை கேபினிலேயே மிகக் குளிரான இடம். சூடான காற்றோ கூரையில் தங்கிவிடுகிறது. பலகையின் அடியில் 10 மில்லிமீட்டர் நுரையும், மேலே கம்பளமும் போட்டால் கால் உணரும் வித்தியாசம் பெரிது. கூரைக் காற்றைக் கீழே தள்ள ஒரு சிறிய 12 வோல்ட் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள்.

சூடு

தொடர்ந்து குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வந்து சேர்வது டீசலில்தான். அதிலும் இரண்டு பாதைகள் உண்டு. வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் போன்ற காற்றூதி ஹீட்டர்கள் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியே தள்ளுகின்றன. சூடான, உலர்ந்த காற்று மட்டும் குழாய்களில் வரும். 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 0.1 முதல் 0.25 லிட்டர் டீசல் எடுக்கும். ஓடும்போது மின்சாரம் 1 முதல் 2.5 ஆம்பியர்; பற்றவைக்கும் சில நிமிடங்கள் மட்டும் 8 முதல் 10 ஆம்பியர். பழுது என்று கழற்றப்படும் ஹீட்டர்களில் பல இந்தத் தொடக்க நிமிடங்களில்தான் நின்றுபோகின்றன. வயர் மெல்லியதாகவோ இணைப்பு பச்சை பிடித்தோ இருந்தால் ஹீட்டரை அடையும் மின்னழுத்தம் சரிந்து, அது தானாக அணைந்துவிடும். பேட்டரியில் அளக்காமல், ஹீட்டரின் பிளக்கிலேயே, பற்றவைக்கும் நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் கரி. தேவைக்கு மேல் பெரிய ஹீட்டரை வாங்கி நாள் முழுக்கக் குறைந்த நிலையில் ஓட்டினால் எரியறையில் கரி அடைந்துவிடும். சற்றே சிறிய ஹீட்டரை நன்றாக ஓட்டுவது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் முழுச் சக்தியில் விடுங்கள். அணைக்கும்போது அதன் சுவிட்சையே பயன்படுத்த வேண்டும். மெயின் பிரேக்கரை அணைத்து நிறுத்தினால் குளிர்விக்கும் ஃபேன் நின்று உட்பாகங்கள் வெந்துபோகும். வெள்ளைப் புகை வந்தால் எரியாத டீசல் வெளியே போகிறது. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை.

டிக்கின்சன், ரெஃப்ளெக்ஸ் போன்ற சொட்டு டீசல் அடுப்புகளுக்கு மின்சாரம் வேண்டியதில்லை, சத்தமும் இல்லை. டீசல் புவியீர்ப்பில் இறங்கி ஒரு வால்வு வழியே சொட்டும். நங்கூரத்தில் நிற்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் புகைக்குழாய் பொதுவாக 1.2 மீட்டராவது வேண்டும். குறைந்தால் இழுப்பு போதாமல் சுவாலை மஞ்சளாகிக் கரி படியும். காற்று டெக்கில் மோதிக் கீழே அமுக்கினால் புகை உள்ளே திரும்பும், அதற்கேற்ற தொப்பி வேண்டும். அணைந்த அடுப்பு சூடாக இருக்கும்போது மறுபடி டீசலைத் திறக்காதீர்கள். அடுப்பின் எரிபாத்திரத்தில் தேங்கிய டீசல் ஆவியாகி வெடிப்போடு பற்றும். முழுக்க ஆறவிட்டு, தேங்கியதைத் துடைத்தெடுத்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

விறகடுப்பின் வெப்பம் இதமானது, கேபினையும் நன்றாக உலர்த்தும். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகு புகைக்குழாயில் தாரைப் படியவைக்கும், அது பின்னொரு நாள் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். சாம்பலில் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும், கார்பன் மோனாக்சைடும் விடும். உலோக வாளியில் மூடி போட்டுப் படகுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

டீசலைப் பற்றி இரண்டு சொல். கோடைகால டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும், ஆகவே குளிர் தொடங்கும் முன்பே குளிர்கால டீசலை நிரப்புங்கள். டேங்கைக் காலியாக விட்டால் அதன் சுவரும் வியர்க்கும். அடியில் சேரும் நீரில் நுண்ணுயிர் வளரும்.

சமையல் கேஸ் எரியாமல் போனால் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பியூட்டேன் -0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரோப்பேன் -42 டிகிரி வரை ஆவியாகும்.

கரை மின்சாரத்தில் ஹீட்டர் ஓட்டுபவர்கள் முதலில் எல்லையைக் கணக்கிட வேண்டும். 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பு தருவது 3.6 கிலோவாட் சொச்சம். 120 வோல்ட், 30 ஆம்பியரும் கிட்டத்தட்ட அவ்வளவே. மணிக்கணக்கில் ஓடும் சுமையை இதில் 80 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். தீ பெரும்பாலும் தொடங்குவது ஹீட்டரில் அல்ல, படகின் பக்கவாட்டில் உள்ள பிளக்கில். உப்பு பிடித்த, தளர்ந்த பின்கள் சூடேறிக் கருகும். ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால் மாற்றியாக வேண்டும். நீட்டிப்பு வயரைச் சுருளாக விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரைக் கவிழாதபடி கட்டி வைத்தால் இரவுக்கு அதுவே பாதுகாப்பானது.

குளிர்காலம் முழுக்கக் கரையில் செருகியே இருக்கும் படகின் துத்தநாக ஆனோடு (மற்ற உலோகங்களைக் காக்கத் தானே கரையும் துண்டு) வேகமாகக் கரைவதுண்டு. எர்த் வயர் அக்கம்பக்கத்துப் படகுகளையெல்லாம் இணைத்துவிடுவதுதான் காரணம். இந்த வழியே அரிப்பு மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டரோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ இல்லாமல் மாதக்கணக்கில் செருகி வைக்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு

எரியும் எதுவும், காற்று போதாவிட்டால், இந்த வாயுவை விடும். நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்குவதால் சளிக்காய்ச்சல் என்று படுத்துவிடுகிறார்கள். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே வெளியே போங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

அலாரம் வாங்கும்போது ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு அலாரங்களுக்கான தரம் வேறு, படகின் அதிர்வையும் ஈரத்தையும் கருதியது இது. தூங்கும் ஒவ்வொரு கேபினிலும் ஒன்று, படுத்திருப்பவரின் தலை உயரத்தில். அடுப்பு உள்ள இடத்தில் அதிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி ஒன்று. இந்த அலாரம் 300 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) அளவில் 3 நிமிடத்துக்குள் ஒலிக்கும். 50 பிபிஎம் என்றால் ஒரு மணி நேரமாவது கழித்தே ஒலிக்கும். அதனால் ஒலிக்கவில்லை என்பதாலேயே நிம்மதி கொள்ளக்கூடாது.

குளிர்காலத்துக்கே உரிய இரண்டு அபாயங்கள்: ஹீட்டரின் புகைவாயை வெண்பனி மூடிவிடுவது, காக்பிட் கூடாரத்தின் துணிக்குள்ளேயே புகைவாய் சிக்கிக்கொள்வது. கூடாரம் கட்டும் முன் புகைவாய் எங்கே என்று பாருங்கள். பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகையும் உங்கள் துளை வழியே வரலாம். அடுப்பு எரியும்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் அது புகைக்குழாயிலிருந்தே காற்றை இழுக்கும். ஒரு துளை திறந்திருந்தால் மட்டும் போடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பில்ஜில் தேங்கும், ஆகவே அதற்கான அலாரம் வேறு, அதன் இடமும் தரையருகே.

தண்ணீரும் குழாய்களும்

உறையும் நீர் 9 சதவீதம் விரியும். பித்தளை வால்வு அதைத் தாங்காது. மூடிய பால் வால்வு சீகாக்கின் உருண்டைக்குள் சிறிது நீர் எப்போதும் சிக்கியிருக்கும். நீர்மட்டத்துக்கு மேலே, காப்பில்லாத லாக்கரில் அது உறைந்தால் வால்வின் உடல் விரிசல் விடும். பனி உருகும் நாளில்தான் அது தெரியவரும், படகுக்குள் நீர் வரும்போது. குளிர் இரவில் சிங்க்கின் கீழும் எஞ்சின் பக்கமும் உள்ள கதவுகளைத் திறந்துவைத்து கேபின் வெப்பம் எட்டும்படி செய்யுங்கள். பயன்படுத்தாத குழாய்களில் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த நச்சற்ற ஆன்டிஃப்ரீஸை ஓடவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், குடிநீர்க் குழாயில் கூடவே கூடாது. எஞ்சினின் கடல்நீர்ச் சுற்றும் ஸ்டிரெயினரும் (வடிகட்டி) இதே போல நிரப்பப்பட வேண்டும்.

குடிநீர் டேங்கை வெயில் உள்ள நாளில் நிரப்பி, ஹோஸை முழுக்க வடித்து உள்ளே எடுத்து வையுங்கள். தூங்கப் போகும்போதும் கரைக்குப் போகும்போதும் பிரஷர் பம்பை அணையுங்கள். ஒரு குழாய் பிளந்தால் டேங்க் முழுவதும் பில்ஜுக்குப் போகாது.

லெட் ஆசிட் பேட்டரி 0 டிகிரியில் தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். சார்ஜ் இறங்கியது -10 டிகிரியை ஒட்டி உறைந்து வெடிக்கலாம். முழு சார்ஜில் உறையாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, செல்கள் மீளாமல் கெடும்.

டெக்கிலும் படகுத்துறை மேடையிலும்

ஈரப்பனியின் எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கன மீட்டருக்கு 300 கிலோ என்று வைத்தாலும், 20 சதுர மீட்டர் டெக்கில் 20 சென்டிமீட்டர் விழுந்தால் 1,200 கிலோ. படகு தாழ்ந்து, வழக்கமாக நீருக்கு மேலிருக்கும் புகைவாயும் வடிகால் வாயும் மூழ்கும். காக்பிட் வடிகாலில் கூழ்பனி அடைத்தால் நீர் கேபினுக்குத் திரும்பும். மென்மையான துடைப்பமோ பிளாஸ்டிக் வாரியோ கொண்டு அன்றன்றே தள்ளுங்கள். உலோக மண்வெட்டி ஜெல்கோட்டை (கண்ணாடியிழையின் மேற்பூச்சு) கிழிக்கும். வழுக்கும் இடத்தில் உப்புக்குப் பதிலாக மணல் தூவுங்கள், உலோகம் பிழைக்கும்.

தனியே இருப்பவர் மேடையிலிருந்து நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. ஏறக்குறைய பத்து நிமிடத்தில் கைகால்கள் சொன்னபடி கேட்காமல் போகும். உடல் முழுக்கக் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகலாம் என்றாலும், ஏறி வரக் கையில் இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். ஆகவே படகின் ஏணி நீரிலிருந்தே கை நீட்டி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மேல் கொக்கியில் கட்டப்பட்ட ஏணி நீரில் இருப்பவருக்கு உதவாது. இழுத்தால் அவிழும் கயிற்றை நீர்மட்டம் வரை தொங்கவிட்டு, அது பனியில் உறைந்து ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு மாலையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இருட்டிய பின் டெக்கில் காலடி வைக்கும் முன்பே லைஃப் ஜாக்கெட் உடலில் இருக்க வேண்டும். முன்ஹேட்சையும் தினமும் திறந்து மூடுங்கள். பனிக்கட்டி பிடித்து இறுகியிருந்தால், தீப்பிடிக்கும் இரவில் அந்த வழி இல்லை.